எடைக்கு நின்றவர்கள்

மின்சாரம் போன மூன்றாம் நாள் காலை. தையல்காரி தன் வீட்டு மேசையைச் சுற்றி உட்கார்ந்திருந்த மூன்று பேருக்கும் பாலில்லாத தேநீரை ஊற்றிக் கொடுத்துவிட்டு, நின்றபடியே ஜெபத்தை ஆரம்பித்தாள்.

"ஆண்டவரே, ஆறு மெழுகுவர்த்தி மிச்சம் இருக்கறதுக்காக ஸ்தோத்திரம். கேஸ் இன்னும் தீராததுக்காக ஸ்தோத்திரம். தண்ணி தரைத்தளத்தோட நின்னு முதல் மாடிக்கு ஏறாததுக்காக ஸ்தோத்திரம். பேக்கரி அக்கா கடையிலருந்து ரொட்டியையாவது காப்பாத்தினதுக்காக ஸ்தோத்திரம். டீச்சரோட இருமல்..."

"இருமல் இன்னும் இருக்கு," என்றார் டீச்சர், கண்ணைத் திறக்காமலே.

"...நேத்தைக்கு இன்னைக்குக் குறைஞ்சிருக்கறதுக்காக ஸ்தோத்திரம்."

நன்றியை மொத்தமாக ஒரே வார்த்தையில் சொல்லி முடிப்பது அவளுக்குப் பிடிக்காது. ஒரு சட்டைக்கு எத்தனை பித்தானோ அத்தனையையும் தனித்தனியாகத்தானே தைக்க வேண்டும். கிடைத்தது ஒவ்வொன்றையும் பெயர் சொல்லித்தான் அவள் நன்றி சொல்வாள்.

ஊர் கிடந்த கிடப்பில் அப்படி நன்றி சொல்ல ஒரு தைரியம் வேண்டியிருந்தது. ஏரிக்கரை உடைந்துவிட்டது என்றார் ஒருவர். இல்லை, இனிமேல்தான் உடையப் போகிறது என்றார் இன்னொருவர். தொலைபேசிகள் செத்துக் கிடந்தன. கீழே நிறுத்தியிருந்த வண்டிகளின் சக்கரங்கள் தண்ணீருக்குள் இருந்தன. பாதிக் குடும்பங்கள் முதல் நாளே வெளியேறிவிட்டன. மீதியிருந்தவர்கள் கதவைச் சாத்திக்கொண்டு, பிடித்து வைத்த தண்ணீரின் மட்டத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

இந்தக் கட்டடத்தில் புதன்கிழமை ஜெபம் மாடி வாரியாக நடக்கும். ஒன்பதாம் மாடியில் ஆரம்பித்து முதல் மாடி வரை, ஒவ்வொரு மாடிக்கும் ஒரு ஜெபம். இன்று ஆரம்பிக்க வேண்டியவள் தையல்காரி.

"எட்டாம் மாடியில இருக்கற குடும்பங்களுக்காக..."

டீச்சர் ஒரு கண்ணைத் திறந்தார். பேக்கரி அக்கா ரொட்டியை ரொம்பக் கவனமாக வெட்டினாள். போதகர் தொண்டையைச் செருமிக்கொண்டார். எட்டு மாதமாகவே, தையல்காரியின் முறை வரும்போதெல்லாம் கட்டடத்துக்கு எட்டு மாடிதான்.

காரணம் எல்லோருக்கும் தெரியும். ஒன்பதாம் மாடியில் தாயும் மகனுமாக இரண்டே பேர். மகன் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருப்பவர். அவருக்கும் தையல்காரியின் மகளுக்கும் கல்யாணம் பேசி முடித்து, ஞாயிற்றுக்கிழமை சபையில் அறிவிப்பதாக இருந்தது. சனிக்கிழமை சாயங்காலம் அவருடைய அம்மா இறங்கி வந்தார். வாசலில் நின்றபடியே, "பையனுக்கு இஷ்டம் இல்லையாம்," என்று சொல்லிவிட்டு, உள்ளே வந்து உட்காராமல் போய்விட்டார்.

வெட்டி வைத்திருந்த கல்யாண உடுப்பு தைக்கப்படாமல் அலமாரிக்குள் போனது. மகள் அழவில்லை, காரணமும் கேட்கவில்லை. எப்போதாவது அப்பாவோடு லிஃப்ட் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தவள், அதன்பிறகு தினமும் போக ஆரம்பித்தாள். சிரிப்பை மட்டும் எங்கேயோ கழற்றி வைத்துவிட்டாள்.

தையல்காரி எட்டாம் மாடியை முடித்து ஏழாம் மாடிக்கு வந்தபோது கதவைத் தட்டும் சத்தம் கேட்டது.

திறந்தாள். கண்ணாடிக்கடைக்காரர் நின்றுகொண்டிருந்தார். இடுப்புக்குக் கீழே முழுக்கச் சேறு. மற்றவர்களின் பார்வையைத் தெளிவாக்குகிறவரின் கண்ணாடியில் ஒரு பக்கம் விரிசல்.

"உள்ள வாங்க தம்பி," என்றாள். அந்த வார்த்தை தன் வாயிலிருந்துதான் வந்ததா என்று அவளுக்கே சந்தேகமாக இருந்தது.

"இல்லைங்க, நேரமில்ல. உங்க வீட்டுக்காரர் இருக்காரா?" அவருக்கு மூச்சு வாங்கியது. "அம்மாவுக்கு ரொம்ப முடியல. கரண்டுல ஓடற ஆக்ஸிஜன் மெஷின் நின்னு மூணு நாளாச்சு. சிலிண்டர்லதான் ஓட்டிட்டிருந்தேன். இப்ப கடைசி சிலிண்டர். பன்னெண்டு மணி வரைக்கும் வந்தாலே பெரிசு."

"ஆஸ்பத்திரியில கேட்டுப் பாத்தீங்களா?" என்று போதகர் எழுந்து வந்தார்.

"விடியக்காலையில நடந்தே போய்ட்டு வந்தேன் ஐயா. சிலிண்டர் தரமாட்டேங்கறாங்க, அங்கயே பத்தலையாம். ஆளைக் கொண்டு வந்தா சேத்துக்கறோம்னாங்க. பதினோரு மணிக்கு நம்ம வாசல் வரைக்கும் ஆம்புலன்ஸ் வரும். கால் மணி நேரம் நிக்கும். அதுக்கு மேல நிக்க முடியாதுன்னு முன்னாடியே சொல்லிட்டாங்க."

"படியில தூக்கிட்டு வந்துடலாமே."

"நேத்தே பாத்தாச்சு. வாட்ச்மேனும் நானும் நாற்காலியோட தூக்கினோம். படியில நாற்காலி சாய்ஞ்ச உடனே அவங்களுக்கு மூச்சு அடைக்குது. அரை மாடி இறங்கறதுக்குள்ள உதடு நீலமாயிடுச்சு. பயந்துபோய் மறுபடி மேலயே கொண்டு போயிட்டோம்." அவர் தரையைப் பார்த்துக்கொண்டு கேட்டார். "லிஃப்டைக் கையால இறக்க முடியுமான்னு... கேக்கறதுக்கு எனக்கு முகமில்ல. ஆனாலும் வந்துட்டேன்."

உள்ளறையில் ஸ்பேனர்கள் உரசும் சத்தம் கேட்டது. மகள் கருவிப்பெட்டியோடு வெளியே வந்தாள். அவள் அவரைப் பார்க்கவில்லை. அவரும் அவளைப் பார்க்கவில்லை. எட்டு மாதமாக இருவரும் இதில் நல்ல தேர்ச்சி பெற்றிருந்தார்கள்.

"அப்பா, பிரேக் நெம்புகோல் மெஷின் ரூம்லதானே இருக்கு?"

பின்னாலேயே வந்த அப்பா, லிஃப்ட் மெக்கானிக், சுவர்க்கடிகாரத்தைப் பார்த்தார். ஒன்பது இருபது.

"இறக்கிடலாம்," என்றார். "ஆனா ஆள் வேணும்."

"தூக்கறதுக்கா?" என்றார் போதகர், முழங்காலைத் தடவிக்கொண்டே.

"இல்ல. சும்மா நிக்கறதுக்கு."

அவர் சொன்னது யாருக்கும் புரியவில்லை. புரிந்துகொள்ள நேரமும் இல்லை. அப்பாவும் மகளும் மொட்டைமாடி மெஷின் ரூமுக்கு ஓடினார்கள். மற்றவர்கள் பின்னாலேயே படி ஏறினார்கள். கடிகாரத்தைக் கழற்றி எடுத்துக்கொண்ட தையல்காரி முன்னால் போனாள். பேக்கரி அக்கா ஒவ்வொரு மாடியிலும் நின்று சுவரைப் பிடித்துக்கொண்டாள்.

ஆறாம் மாடியில் கேட்டாள், "போதகரே, பரலோகம் இதுக்கு மேல இன்னும் எத்தனை மாடி?"

"நீங்க மூச்சை அடக்கிட்டு ஏறுங்க. அங்க படி இருக்காது."

ஒன்பதாம் மாடிக் கதவு திறந்திருந்தது. எட்டு மாதத்துக்குப் பிறகு தையல்காரி அந்த வீட்டுக்குள் காலடி வைத்தாள். சன்னல் ஓரம் சக்கர நாற்காலியில், முகத்தில் குழாய் வைத்த மூடியோடு அந்த அம்மா உட்கார்ந்திருந்தார். முகம் சாம்பல் நிறத்தில் இருந்தது. தையல்காரியைப் பார்த்ததும் பார்வையைச் சன்னல் பக்கம் திருப்பிக்கொண்டார்.

என்ன பேசுவது என்று தையல்காரிக்குத் தெரியவில்லை. ஆனால் அவள் கண்ணுக்கு ஒன்று பட்டுவிட்டது. அவசரத்தில் மகன் போட்டுவிட்ட உடுப்பில் பித்தான்கள் ஒன்று மாற்றி ஒன்று ஏறியிருந்தன. கழுத்துப் பக்கம் இழுத்துக்கொண்டு நின்றது. மூச்சுக்குத் தவிக்கிறவருக்குக் கழுத்து இறுக்கினால் எப்படி. அவள் முட்டி போட்டு உட்கார்ந்து, மேலிருந்து கீழாக எல்லாவற்றையும் கழற்றி, சரியாகப் போட்டுவிட்டாள். மேல் பித்தானைப் போடாமலே விட்டாள்.

வெளியே உலோகம் உரசும் சத்தம் கேட்டது. நாலாம் மாடிக்குப் பக்கத்தில் நின்றுபோயிருந்த லிஃப்ட் ஒன்பதாம் மாடிக்கு வந்து சேர்ந்தது. மெக்கானிக் கீழே இறங்கி வந்து முக்கோணச் சாவியால் கதவைத் திறந்தார். மணி பத்து பதினைந்து.

"எல்லாரும் கேட்டுக்குங்க," என்றார். "இது பத்து பேர் லிஃப்ட். லிஃப்டுக்குச் சமமா அந்தப் பக்கம் எதிர் எடை தொங்குது. உள்ள பாதி பேர் இருந்தா ரெண்டு பக்கமும் சமம். மெஷின் ரூம்ல நாங்க கையால பிடிக்கற சக்கரம் பூ மாதிரி சுத்தும். ஆள் கம்மின்னா இது மேல போகத்தான் பாக்கும். காலி லிஃப்டு இவ்வளவு சுலபமா மேல வந்ததே அதனாலதான். இவங்களையும் தம்பியையும் மட்டும் ஏத்தினா இறங்கவே இறங்காது."

"அப்ப நாங்க?" என்றார் டீச்சர்.

"நீங்கதான் எடை."

பேக்கரி அக்கா நெஞ்சில் கை வைத்தாள். "ஜெபம் பண்ண வந்தவளை மூட்டையாக்கிட்டீங்களே."

"ஆள் கூடிப்போனா விழுந்துடுமா?" டீச்சர் ஓரடி பின்வாங்கினார்.

"விழாது. வேகம் கூடினா லிஃப்டுக்கு அடியில இருக்கற பல்லு தண்டவாளத்தைக் கவ்விக்கும். நம்ம உயிரைக் காப்பாத்தறதுக்குன்னு வெச்சதுதான். ஆனா கவ்விக்கிட்டா கரண்ட் வர்ற வரைக்கும் அசையாது. சிலிண்டர் அதுவரைக்கும் தாங்காது." அவர் சுவரில் சாக்கட்டியால் எழுதினார். "மொத்தம் முந்நூத்தி அம்பது கிலோ வேணும். தம்பி அறுபத்தஞ்சு. நாற்காலியும் சிலிண்டரும் முப்பது. அம்மா?"

அந்த அம்மா மூடியை லேசாகத் தூக்கினார். "எழுபத்தஞ்சு."

மகன் வாயைத் திறந்தார். அம்மா பார்த்த பார்வையில் மூடிக்கொண்டார்.

"இன்னும் நூத்தியெண்பது வேணும். போதகரே, நீங்க எவ்வளவு?"

"நாப்பத்தெட்டு."

"நீங்க இங்கயே இருங்க. நீங்க ஏறினா லிஃப்டுக்கே தெரியாது. டீச்சர்?"

டீச்சர் புடவைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டார். "ஒரு... அம்பத்து நாலு."

தையல்காரி தரையைப் பார்த்தாள். போன மாதம்தான் அவருக்கு அளவு எடுத்திருந்தாள். ஐம்பத்து நாலு கிலோவில் அந்தச் சுற்றளவு வர வழியே இல்லை.

"பேக்கரி அக்கா?"

"அறுபத்தெட்டு," என்றாள் அவள், ரொட்டிக்கு விலை சொல்வதுபோலச் சட்டென்று.

அதுவும் பொய். தையல்காரிக்குத் தெரியும். ஆனால் இருபத்திரண்டு வருஷத் தொழிலில் அவள் எடுத்த அளவு எதையும் வாய்விட்டுச் சொன்னதில்லை. அளவு நோட்டில்கூட யார் பெயரும் இருக்காது. டீச்சருக்கு ஒரு குடை, பேக்கரி அக்காவுக்கு ஒரு மீன் என்று படம்தான் போட்டு வைத்திருப்பாள். நாலு பேர் நடுவில் ஒரு பெண்ணின் உடம்பைப் பற்றி அவள் எப்படிப் பேசுவாள்.

"நீ?" என்றார் கணவர்.

"அம்பத்தெட்டு," என்றாள். அது நாலு வருஷத்துக்கு முந்தைய எடை. மற்றவர்கள் குறைத்துச் சொல்லும்போது தான் மட்டும் ஏன் குண்டாக நிற்க வேண்டும் என்று நாக்கு தானாகவே முடிவு செய்துவிட்டது.

"அம்பத்து நாலு, அறுபத்தெட்டு, அம்பத்தெட்டு. நூத்தியெண்பது. அளவெடுத்துத் தெச்ச மாதிரி இருக்கு," என்று மெக்கானிக் கடிகாரத்தை வாங்கிக்கொண்டு சந்தோஷமாக மேலே போனார்.

ஐந்து பேரும் உள்ளே நின்றார்கள். பேக்கரி அக்காவின் கையில் டார்ச். தையல்காரியின் கையில் சிலிண்டர். கதவு மூடியது. தலைக்கு மேலே, கயிறுகள் போகும் ஓட்டை வழியாக மகளின் குரல் வந்தது.

"அப்பா, நான் சக்கரத்தைப் பிடிச்சுக்கிட்டேன். நீங்க பிரேக்கை விடுங்க."

பிரேக் விட்ட அந்த நொடியே தரை காலுக்கடியிலிருந்து நழுவியது.

பூ மாதிரி இல்லை. கல் மாதிரி இறங்கியது. டீச்சர் "ஏசுவே" என்று தையல்காரியின் தோளைப் பற்றினார். டார்ச் கீழே விழுந்து அணைந்தது. மேலே மகளின் "ஆ" என்ற சத்தம். அடுத்த கணம் பிரேக் பிடித்தது. லிஃப்ட் குலுங்கி நின்றது.

இருட்டு. சிலிண்டரிலிருந்து காற்று போகும் மெல்லிய சத்தம் மட்டும்.

"கவ்விக்கிச்சா?" என்று தையல்காரி மேலே பார்த்துக் கத்தினாள்.

"இல்ல, தப்பிச்சோம்," என்றார் கணவர். "எட்டாம் மாடியைத் தாண்டி நிக்கறீங்க. சக்கரம் பாப்பா கையிலருந்து பிடுங்கிக்கிச்சு, உள்ளங்கை உரிஞ்சுபோச்சு. யாரோ எடையைத் தப்பா சொல்லியிருக்கீங்க."

டீச்சரின் பிடி தையல்காரியின் தோளில் இன்னும் இறுகியது.

"எவ்வளவு தப்புன்னு எனக்குத் தெரியணும். முப்பதுக்குள்ளன்னா நாங்க ரெண்டு பேரே தாங்கிக்குவோம். அதுக்கு மேலன்னா இன்னொரு ஆள் வேணும். இன்னொரு தடவை இப்படி ஓடினா கவ்விக்கும். சீக்கிரம் சொல்லுங்க, மணி பத்து முப்பத்தஞ்சு."

தையல்காரிக்கு இருட்டிலும் முகம் சுட்டது. அவளுக்குத் தெரிந்திருந்தது. எல்லோருடையதும் தெரிந்திருந்தது. மரியாதை என்று நினைத்து வாயை மூடிக்கொண்டிருந்தாள். அந்த மரியாதைக்கு இப்போது ஒரு உயிர் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது. அடுத்தவர் அளவை இப்போதும் அவளால் சொல்ல முடியவில்லை. தன்னுடையதைச் சொல்லலாம்.

"என்னோடது அறுபத்து நாலு," என்றாள்.

பிறகு டீச்சர் இருமினார். "அறுபத்தேழு. பள்ளிக்கூடத்துல பிள்ளைங்களுக்குப் பொய் சொல்லக்கூடாதுன்னு சொல்லிக் குடுக்கறவ நான்."

"எண்பத்தாறு," என்றாள் பேக்கரி அக்கா. "ரெண்டு நாளா ஓடி ஓடி ரொட்டி குடுத்ததுல அரைக்கிலோ குறைஞ்சிருக்கும். அதைக் கழிச்சுக்கச் சொல்லுங்க."

நாற்காலியிலிருந்து ஒரு பெருமூச்சு. மூடி விலகும் சத்தம்.

"தொண்ணூத்திரண்டு," என்றார் ஒன்பதாம் மாடி அம்மா.

தையல்காரி மனதுக்குள் கூட்டினாள். ஆறு, பதின்மூன்று, பதினெட்டு, பதினேழு. "ஏங்க, அம்பத்து நாலு கிலோ கூட இருக்கு," என்று மேலே கத்தினாள்.

"அம்பத்து நாலா?" என்றார் மெக்கானிக். "அது ஒரு முழு டீச்சர் ஆச்சே. அவங்க முதல்ல சொன்ன டீச்சர்."

அப்போதுதான் அது கேட்டது. மகள் சிரித்தாள். உள்ளங்கை உரிந்துபோனவள், சக்கரத்தின் மேல் சாய்ந்துகொண்டு, அடக்க முடியாமல் சிரித்தாள். அந்தச் சிரிப்பு கயிறுகளின் வழியாக இறங்கி வந்து லிஃப்ட் முழுக்க நிறைந்தது.

எட்டு மாதம். தையல்காரிக்குக் கண் கலங்கியது. மற்ற மூன்று பேரும்கூடச் சிரித்துவிட்டார்கள். ஒருவர் மட்டும் சிரிக்கவில்லை. தன் பக்கத்தில் நின்ற கண்ணாடிக்கடைக்காரர் மூச்சைப் பிடித்துக்கொண்டு, ஒரு துளிகூடச் சிந்தாமல் அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருப்பது தையல்காரிக்குத் தெரிந்தது. அந்த அம்மாவுக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

மேலே, "போதகரே, மெஷின் ரூமுக்கு வாங்க, உங்க கையும் வேணும்," என்று மெக்கானிக் கூப்பிட்டார். முழங்கால் வலிக்காரர் படியேறும் சத்தம் மெதுவாகக் கேட்க ஆரம்பித்தது.

"நான் இன்னொன்னும் தப்பா சொல்லியிருக்கேன்," என்றார் ஒன்பதாம் மாடி அம்மா.

"பேசாதீங்க. மூடியைப் போட்டுக்குங்க," என்றாள் தையல்காரி.

"இல்ல. இந்த இருட்டுலயே சொல்லிடறேன். வெளிச்சத்துல எனக்கு வராது." ஒவ்வொரு சொல்லுக்கும் நடுவே மூச்சு இழுத்தது. "இவன் உங்க பொண்ணை வேணாம்னு சொல்லல. உங்க பொண்ணுதான் வேணாம்னுட்டான்னு... நான் இவன்கிட்ட சொன்னேன். உங்ககிட்ட வந்து... இவன் வேணாம்னான்னு சொன்னேன்."

நாற்காலியின் கைப்பிடி மகனின் பிடியில் கிறீச்சிட்டது.

"கல்யாணம் ஆனா தனியா போயிடுவானோன்னு பயம். எனக்கு மூச்சு முட்டும்போது... யார் இருப்பாங்கன்னு பயம். அவ்வளவுதான். வேற காரணம் இல்ல. உங்க வீட்டு மேல ஒரு குறையும் இல்ல."

"அம்மா," என்றார் மகன்.

தையல்காரிக்கு உடம்பு முழுக்கச் சூடு ஏறியது. மகள் சாப்பிடாமல் எழுந்து போன தட்டுகள், சுவரைப் பார்த்துப் படுத்திருந்த முதுகு, வெட்டிய துணியை மடித்து வைத்த நாள், எல்லாம் ஒன்றாக வந்து நாக்கின் நுனியில் நின்றன. கேட்க வேண்டியதை எல்லாம் கேட்டுவிடலாம். நாலடிக்கு நாலடி இருட்டு. அந்த அம்மா எங்கேயும் எழுந்து போக முடியாது.

அப்போது பக்கத்தில் ஏதோ தட்டுத் தடுமாறியது. அந்த அம்மாவின் கை. கழற்றிய மூடியை மறுபடி போட்டுக்கொள்ளப் பார்க்கிறார், பட்டை எங்கே என்று விரல்களுக்குத் தெரியவில்லை.

தையல்காரி சிலிண்டரை மகன் கையில் கொடுத்தாள். இருட்டில் தடவி மூடியைப் பிடித்தாள். மூக்கின் மேல் சரியாக வைத்து, பட்டையைக் காதுக்குப் பின்னால் கொண்டுபோய், ஒரு கழுத்துப்பட்டியைப் பொருத்துவதுபோல முடி சிக்காமல் இழுத்துவிட்டாள்.

"அதைப் பத்தி பிறகு பேசிக்கலாம். ரொம்ப பேச வேண்டியிருக்கு," என்றாள். "அதுக்கு நீங்க இருக்கணும். முதல்ல மூச்சு விடுங்க. மெதுவா. நான் எண்றேன்."

ஒன்றிலிருந்து எண்ணினாள். நாலுக்கு உள்ளே, நாலுக்கு வெளியே. மெல்ல மெல்ல அந்த இழுப்பு எண்ணிக்கைக்குள் வந்து அடங்கியது. அந்தக் கை அவள் மணிக்கட்டைப் பிடித்திருந்தது. அவள் உதறவில்லை.

"ஆண்டவரே," என்றாள் சத்தமாக, "ஒன்பதாம் மாடியில இருக்கறவங்களுக்காக..."

அதோடு நிறுத்தினாள். மீதியை டீச்சர் எடுத்துக்கொண்டார், அவரிடமிருந்து பேக்கரி அக்கா. தையல்காரி மனதுக்குள் மட்டும் சொன்னாள். எனக்குக் கோபம் கோபமா வருது, உமக்கே தெரியும். இவங்க மூச்சு இன்னும் ஓடுதே, அதுக்கு ஸ்தோத்திரம். என் பொண்ணு சிரிச்சாளே, அதுக்கு ஸ்தோத்திரம். கோபத்தை என்ன பண்றதுன்னு நீரே பாத்துக்கும்.

"மூணு பேரும் பிடிச்சாச்சு," மேலிருந்து குரல் வந்தது. "விடறேன்."

இந்த முறை லிஃப்ட் ஒரு பெருமூச்சு விட்டதுபோல இறங்கியது. இரண்டு சாண், நிற்கும். மறுபடி இரண்டு சாண். நிற்கும்போதெல்லாம் மேலே போதகர் முனகுவது கேட்டது. பிறகு முனகல் ஒரு தாளத்துக்கு வந்தது. கயிற்றில் மஞ்சள் பெயிண்டால் போட்ட அடையாளத்தைப் பார்த்து மெக்கானிக் ஒவ்வொரு மாடியாகச் சொல்லிக்கொண்டே வந்தார். ஏழு. ஆறு. ஐந்து. சாத்திக் கிடந்த கதவுகள் திறக்கும் சத்தம் கேட்டது. ஒவ்வொரு மாடியிலும் யாரோ லிஃப்ட் கதவின் கண்ணாடித் துண்டில் டார்ச் அடித்தார்கள். "நாலாம் மாடி, சரியா இருக்கு, விடுங்க," என்று யாரோ ஒரு புதுக் குரல் மேலே பார்த்துக் கத்தியது. அடுத்த மாடியில் இன்னொரு குரல் அதை வாங்கிக்கொண்டது. மூன்று நாளாகத் தங்கள் தண்ணீரைக் காவல் காத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவர்கள் வெளியே வந்துவிட்டிருந்தார்கள்.

முதல் மாடியில் நிறுத்தினார்கள். அதற்குக் கீழே குழியில் தண்ணீர். கதவைத் திறந்தது வாட்ச்மேன். அவருக்குப் பின்னால் ஆம்புலன்ஸ் ஆட்கள் இரண்டு பேர், புது சிலிண்டரோடு.

மணி பதினொன்று பத்து.

இருந்தது ஒரே ஒரு மாடிப் படி. பிடிக்க ஆறு ஆண்கள் வந்துவிட்டார்கள். நாற்காலி ஒரு விரல்கூடச் சாயவில்லை. கீழே முழங்கால் தண்ணீரில் அதை ஒரு பல்லக்கு மாதிரி நடத்திக்கொண்டு போனார்கள். பேக்கரி அக்கா முன்னால் போய் வழியில் மிதந்த பலகைகளைத் தள்ளிவிட்டாள். "எண்பத்தாறு கிலோ வருது, வழி விடுங்க," என்று அவளே சொல்லிக்கொண்டாள். இனி மறைக்க என்ன இருக்கிறது.

ஆம்புலன்ஸில் ஏற்றும்வரை அந்த அம்மா தையல்காரியின் மணிக்கட்டை விடவில்லை. விட்டபோது அங்கே ஐந்து விரலும் பதிந்திருந்தன. புது ஆக்ஸிஜனில் அவர் உதட்டுக்கு நிறம் திரும்பிக்கொண்டிருந்தது. கண்கள் மட்டும் கேட்டன. தையல்காரி தலையசைத்தாள். அது மன்னிப்பா, அல்லது வெறும் 'போய் வாங்க' என்பதா, அவளுக்கே இன்னும் தெரியவில்லை. ஆனாலும் அசைத்தாள்.

மகன் ஏறப்போனவர் திரும்பினார். விரிசல் விட்ட கண்ணாடி வழியாகக் கட்டடத்தின் உச்சியைப் பார்த்தார்.

"அவங்க... மேலதான் இருக்காங்களா?"

"மேலதான் தம்பி."

"நீங்களே அவங்ககிட்ட சொல்லிடுறீங்களா? இல்ல, நான் வந்து..."

டிரைவர் ஹாரன் அடித்தார். உள்ளிருந்து ஒரு கை அவரை இழுத்துக்கொண்டது. கதவு மூடி, வண்டி தண்ணீரைப் பிளந்துகொண்டு போய்விட்டது. கேள்வியின் மீதியும் அவரோடு போய்விட்டது.

தையல்காரி ஈரப் புடவையைப் பிழிந்துகொண்டு முதல் மாடிக்கு ஏறி வந்தாள். லிஃப்ட் கதவு இன்னும் திறந்தே இருந்தது. டீச்சர் அதற்குள்ளேயே தரையில் உட்கார்ந்து, யாரோ கொடுத்த தேநீரைக் குடித்துக்கொண்டிருந்தார். ஏழாம் மாடிக்காரரும் மூன்றாம் மாடிக்காரரும் முதல் தடவையாக ஒருவர் பெயரை ஒருவர் கேட்டுக்கொண்டிருந்தார்கள். எதற்கென்று தனித்தனியாக நன்றி சொல்வது, எங்கே ஆரம்பிப்பது என்று தையல்காரிக்கு முதல் தடவையாகத் திணறியது.

"அம்மா," மேலிருந்து, கயிறுகளின் வழியாக, மகளின் குரல் வந்தது. "ஆம்புலன்ஸ் போயிடுச்சா?"

"போயிடுச்சு."

"மூச்சு எப்படி இருக்கு அவங்களுக்கு?"

"பரவால்ல. நல்லா விடறாங்க."

"நல்லதாப் போச்சு." அந்தக் குரலில் இன்னும் சிரிப்பு கொஞ்சம் ஒட்டியிருந்தது. "லிஃப்ட் நின்னப்ப கீழ என்னமோ பேசிட்டிருந்தீங்களே. போதகர் மூச்சு வாங்கினதுல எனக்கு ஒன்னும் கேக்கல. என்னம்மா அது?"

டீச்சர் தேநீர்க் கோப்பையை அப்படியே பிடித்துக்கொண்டு நிமிர்ந்து பார்த்தார்.

"இறங்கி வா," என்றாள் தையல்காரி.

"அங்கருந்தே சொல்லேன்."

"கத்திச் சொல்றது இல்ல. வா."

பிறகு மெஷின் ரூம் இரும்புக் கதவு கிறீச்சிட்டது. படியில் காலடிகள் ஆரம்பித்தன. முதலில் மெதுவாக, பிறகு இரண்டிரண்டு படியாக.

தானே சொல்லிவிடுவதா, அவர் வந்து தன் வாயால் சொல்லட்டும் என்று காத்திருப்பதா. தையல்காரி படிக்கட்டின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். முடிவு செய்ய அவளுக்கு ஒன்பது மாடி நேரம் இருந்தது. காலடிகள் அதற்குள் எட்டாம் மாடித் திருப்பத்தைத் தாண்டிவிட்டன.